ஓசூரும் ஒகேனக்கல்லும் ஒரே கட்டத்தில்

எங்கள் பாலக்கோடு பக்கம் யாரைக் கேட்டாலும் மழை முன்னைப்போல இல்லை என்பார்கள். அதை தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் வரைபடமாகப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

தரவுக்குக் காசு வேண்டாம். 1901 முதலான தினசரி மழையளவை இந்திய வானிலை ஆய்வுத் துறை, நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அளவு என இலவசமாகவே தருகிறது. பைத்தான் நிரல்மொழியில் இதற்கென்றே ஐஎம்டிலிப் என்ற நிரல்தொகுப்பு இருப்பதால் இறக்கிக்கொள்வது சுலபம். மாவட்ட எல்லைக் கோப்பை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். 2001 கணக்கெடுப்பை ஒட்டிய கோப்புகளில் அது தர்மபுரிக்குள் அடங்கியிருக்கும்.

மழைக் கட்டம் 0.25 டிகிரி, ஒரு பக்கம் சுமார் 27 கி.மீ. இரு மாவட்டங்களும் சேர்ந்தே பதின்மூன்று கட்டங்கள் அளவுதான். வெப்பநிலையில் நிலைமை இன்னும் மோசம். 1951 முதல் கிடைக்கும் அந்தத் தரவில் கட்டம் 1 டிகிரி, அதாவது சுமார் 110 கி.மீ. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென இருக்கும் ஓசூரும், காவிரிக்கரையில் தாழக் கிடக்கும் ஒகேனக்கல்லும், பெங்களூரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன! இதை வைத்து ஓசூரின் வெப்பம் இவ்வளவு கூடியது என்று சொல்வது நியாயமில்லை. அதனால் வெப்பநிலைக்கு 9 கி.மீ. அளவிலான ஈரா5-லேண்ட் தரவுக்கு மாறினேன். அது கணினி மாதிரிக் கணக்கீட்டில் பிறந்தது, நேரடி அளவீடு அல்ல என்பதை வரைபடத்திலேயே எழுதி வைத்தேன்.

இன்னொன்று, வானிலைத் துறையின் கோப்பில் விடுபட்ட வெப்பநிலைக்கு 99.9 என்றும், விடுபட்ட மழைக்கு -999 என்றும் இருக்கும். சராசரி எடுப்பதற்கு முன்பே இவற்றை நீக்கிவிட வேண்டும்.

கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கைக் கணக்கிட சென் சரிவையும், அந்தப் போக்கு தற்செயலா இல்லையா என்று பார்க்க மான்-கெண்டல் சோதனையையும் எடுத்தேன். ஆண்டுகளை இரண்டிரண்டாக எல்லா விதத்திலும் சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் இடையிலான சரிவைக் கண்டு அவற்றின் இடைநிலையை எடுப்பதுதான் சென் முறை. 2016 போன்ற கடும் வறட்சி ஆண்டு ஒன்று கோட்டையே கீழே இழுத்துவிடாது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்க்காமல் பருவவாரியாகப் பிரித்தேன். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் மழை தருகின்றன. ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் மொத்தத்தில் எதுவும் தெரியாது. மா விவசாயிக்கோ மார்ச் முதல் மே வரையிலான மழைதான் முக்கியம்.

சோதனையில் உறுதிப்படாத கட்டங்களை வெள்ளையாகவே விட்டேன். பார்த்த நண்பர்கள், “ஏன் சார், முழுசா கலர் கொடுத்தா நல்லா இருக்குமே” என்றார்கள். கட்டங்களின் ஓரத்தை மழுக்கி வண்ணம் பரப்பினால் பார்க்க அழகுதான். ஆனால் ஊர் ஊராக அளந்ததுபோல ஒரு பொய்த் தோற்றம் வந்துவிடும். அதற்கு எனக்குச் சம்மதமில்லை.

மழைமானிகளின் எண்ணிக்கையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. அதனால் 1981 முதல் கிடைக்கும் சிர்ப்ஸ் செயற்கைக்கோள் மழைத் தரவிலும் அதே கணக்கைப் போட்டேன். அதிலும் மழைமானி அளவுகள் கலந்திருப்பதால் முழுச் சாட்சியாகாது. இரண்டும் ஒரே திசையைக் காட்டும் கட்டங்களை மட்டும் தனியாகக் குறித்திருக்கிறேன். அப்புறம், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மழைமானிகளின் பழைய பதிவுகள் கிடைத்தால் முதலில் அந்தக் கட்டங்களைத்தான் சரிபார்ப்பேன்.