செலவினக் குறைப்பு வினாவுக்கு நான் விடை எழுதிய விதம்

பொருளாதாரச் சீர்திருத்தமும் அரசுச் செலவினக் குறைப்பும் பொதுச் சேவைகளையும் சுற்றுச்சூழலையும் எவ்வாறு பாதிக்கின்றன என்ற வினாவை முதன்முறை எதிர்கொண்டபோது, மருத்துவம், கல்வி, நீர், காடு என்று துணைத்தலைப்புகளை அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் நிதி குறைந்ததால் தரம் குறைந்தது என்பதையே சொல் மாற்றி எழுதிவிட்டு வந்தேன். பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லை. திருத்தியவர் விடைத்தாளின் ஓரத்தில் மூன்று இடங்களில் "எப்படி?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த முறை ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு, வெட்டப்பட்ட பணம் அதுவரை எந்த வேலையைச் செய்துவந்தது என்பதிலிருந்து தொடங்கினேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990களின் நடுப்பகுதியில் நடந்த செலவினக் குறைப்பில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 750க்கும் மேற்பட்ட பணியிடங்களை இழந்தது. உள்ளாட்சிகளின் குடிநீரைச் சோதித்துவந்த அரசு ஆய்வகங்கள் 1996இல் அப்பணியை நிறுத்தவே, அது தனியாரிடம் சென்றது. ஆனால் கிருமி தென்பட்டால் ஆய்வகம் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி இயற்றப்படவில்லை. 2000 மே மாதம் வாக்கர்டன் என்ற சிற்றூரில் கனமழை மாட்டுச் சாணத்தை அடித்துக்கொண்டு வந்து கிணற்று நீரைக் கெடுத்தபோது, சோதனை முடிவு குடிநீர் மேலாளரின் கைக்கு வந்ததோடு நின்றது. அவரோ அதை மறைத்தார். 7 பேர் இறந்தனர், 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

மேலாளரின் தவற்றையும் தவறாமல் எழுதுங்கள். குளோரின் அளவுகள் பொய்யாகப் பதியப்பட்டதையும் அரசின் செலவுக் குறைப்பையும் நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணை சேர்த்தே சுட்டியது; ஒன்றை விட்டால் விடை கட்சிப் பேச்சாகிவிடும். கால இடைவெளியும் முக்கியம்: சேமிப்பு அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே தெரிந்துவிட, இழப்போ நான்கு ஆண்டுகள் கழித்து, அதுவும் மருத்துவமனைக் கணக்கில் வந்து சேர்ந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்கே தனி மதிப்பெண் கிடைத்தது என்பது என் ஊகம்.

எல்லாக் குறைப்பும் இயற்கைக்குக் கேடு என்றும் முடித்துவிடக் கூடாது. நியூசிலாந்து 1984 முதல் வேளாண் மானியங்களை நீக்கியபோது, மானியத்தை நம்பியே மேய்ச்சலுக்குத் திருத்தப்பட்ட செங்குத்துச் சரிவுகள் பல மீண்டும் புதராகவும் காடாகவும் மாறின. கண்காணிப்புக்கான பணத்தை வெட்டுவதும், நிலத்தைச் சுரண்டத் தூண்டிய பணத்தை வெட்டுவதும் கணக்கேட்டில் ஒரே தலைப்பில் வருவதால், மாணவர் பலர் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் விடையின் இரண்டாம் பாதியை இந்த வேறுபாட்டுக்கே ஒதுக்கினேன்.