இடுப்பு வலி என்று சொன்ன பத்து நாட்கள்

சிவகாசியில் காலண்டர் சீசன் வந்துவிட்டால் நாற்காலியை விட்டு எழ நேரம் இருக்காது. எனக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை. தினசரிக் காலண்டரில் சந்திராஷ்டமம் ஒரு நாள் தள்ளி விழுந்தால் அச்சான தாள் அத்தனையும் வீண். ஒன்றுக்கு முட்டினாலும் ‘பங்குனியை முடித்துவிட்டுப் போவோம்’ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடிப்பதும் குறைவுதான். பின்னால் எனக்கு வந்த நோய் அதனால்தான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நல்ல பழக்கம் இல்லை என்றார், அவ்வளவே.

போன புரட்டாசியில் நீர்க்கடுப்பு தொடங்கியது. வீட்டில் சூடு என்று முடிவு செய்து தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள், இளநீர் வந்தது. எரிச்சல் போகவில்லை. கூடவே விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு வலி, கல்லின் மேல் உட்கார்ந்த மாதிரி. தெருமுனை டாக்டரிடம் போனேன். எனக்கு 46 வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்த இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை. “இடுப்பு வலி சார்” என்றேன். வலி மாத்திரையும் தேய்க்க ஒரு களிம்பும் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை, இடுப்புக்கு உண்டான வைத்தியம்தான்.

பத்தாம் நாள் ராத்திரி குளிர்நடுக்கம். இரண்டு போர்வைக்கும் அடங்கவில்லை, காய்ச்சல் 103. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மதுரைக்குத் தூக்கிப் போனார்கள்.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். “எங்க வலிக்குது? விரலால காட்டுங்க” என்றான். அடிவயிற்றில் பொதுவாக ஒரு வட்டம் போட்டேன். என் முகத்தைப் பார்த்தவன், நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டான். அப்போதுதான் சொன்னேன். இடப்பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கச் சொல்லி, உறை போட்ட விரலால் ஆசனவாய் வழியே லேசாகத் தொட்டான். அலறிவிட்டேன். உடனே கையை எடுத்துவிட்டான். “இதுக்கு மேல அழுத்தினா கிருமி ரத்தத்துல கலந்துடும். புராஸ்டேட் வீங்கியிருக்கு.”

சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் இறங்கும் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பியாம். அது வீங்கினால் குழாயை நெரிக்கும். ஸ்கேனில், போய்விட்டு வந்த பிறகும் 160 மில்லி தேங்கியிருந்தது. ஊசி போடுவதற்கு முன்பே, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்துவிட்டார்கள்: முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் ரிசல்ட், ஈ.கோலை. குடலில் இருக்கிற கிருமிதான், இடம் மாறி வந்திருக்கிறது.

மூன்று நாள் ஊசி, அப்புறம் மாத்திரை, மொத்தம் நான்கு வாரம். ஐந்தாம் நாளே உடம்பு லேசாகிவிட்டது; நிறுத்திவிடலாமா என்று கை அரித்தது. புராஸ்டேட்டுக்குள் மருந்து லேசில் இறங்காது, பாதியில் விட்டால் திரும்ப வரும் என்று யூராலஜி டாக்டர் முன்பே மிரட்டி வைத்திருந்தார். நீர் தாராளமாக இறங்க ராத்திரியில் டாம்சுலோசின். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து ஒரு நாள் அந்த மாத்திரையால் கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்தேன். அதற்குப் பிறகு, எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் ஊன்றினேன்.

நடுவில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். யாரிடமும் கேட்காமல் லேபில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். 4-க்குள் இருக்க வேண்டியது 14.6. புற்றுநோய்தான் என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. “வீக்கம் இருக்கும்போது இது ஏறத்தான் செய்யும், இப்ப எடுக்கச் சொன்னது யாரு?” என்று டாக்டர் சத்தம் போட்டார். இரண்டு மாதம் கழித்து அவரே எடுக்கச் சொன்னார்: 1.8.

எல்லோருக்கும் இப்படிக் கிருமியால் வருவதில்லை. என் மைத்துனருக்கு மூன்று வருடமாக அதே இடத்தில் வலி, எத்தனை கல்ச்சர் எடுத்தும் கிருமி இல்லை. அவருக்கு இடுப்புக்கூட்டுத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபிதான் ஓரளவு கேட்கிறது.

இந்த சீசனில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். “சுகரா அண்ணாச்சி?” என்று பக்கத்து சீட்டுப் பையன் கேட்டான். “இல்லப்பா, புராஸ்டேட்” என்றேன். அவன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் டீக்கடையில் தனியாக வந்து நின்றான்.

“அண்ணாச்சி, மதுரையில எந்த டாக்டர்?”