பாக்கெட் துறைமுகத்துல, குழந்தை வரிசைல: வறட்சி நிவாரண வேலைல நாங்க பட்ட பாடு

வறட்சி பகுதில அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு அவசர ஊட்டச்சத்து கொண்டு போய் சேர்க்கற வேலைய ஒருங்கிணைக்கற பொறுப்பு எங்க டீமுக்கு வந்துச்சு. இப்பதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது, மறக்கறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்தேன். மூவாக் டேப் (குழந்தையோட மேல் கை சுற்றளவ அளக்கற கலர் நாடா, சிவப்புன்னா கடும் ஊட்டச்சத்துக் குறைவு, மஞ்சள்னா மிதமானது, பச்சைன்னா பயமில்ல), ஆர்.யூ.டி.எஃப் பாக்கெட் (கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு அப்படியே குடுக்கற சிகிச்சை உணவு) இதெல்லாம் கையாளறவங்களுக்காகத்தான் எழுதறேன், அதனால அடிப்படை விளக்கம் அதிகம் இருக்காது. பணம் வந்தது, ஆள் எடுத்தது, ட்ரெயினிங் குடுத்தது எல்லாம் சுமூகமா முடிஞ்சுது. எங்கள சாகடிச்சது பேப்பர்தான்.

கப்பல் வந்துருச்சு, பெட்டி எல்லாம் இறங்கிருச்சு, ஆனா வெளிய எடுக்க முடியல. ஏன்னா எங்க வரி விலக்கு லெட்டர்ல "மருத்துவப் பொருட்கள்"னு இருக்கு, இன்வாய்ஸ்ல "சிகிச்சைக்கான தயார்நிலை உணவு"ன்னு இருக்கு. கஸ்டம்ஸ் கவுன்ட்டர்ல இருந்தவர் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு, "இது சாப்பாடா மருந்தா, ஒண்ண சொல்லுங்க"ன்னாரு. சாப்பாடுன்னா உணவு பாதுகாப்புத் துறை சர்ட்டிஃபிகேட் வேணுமாம். அங்க போனா, குழந்தைக்கு சிகிச்சைக்கு குடுக்கறதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப மருந்து துறைக்குப் போங்கன்னாங்க. மருந்து துறைல பாக்கெட்ட திருப்பித் திருப்பி பாத்துட்டு நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், விட்டமின்னு போட்டிருக்கு, இதுல மருந்து எங்க இருக்குன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செஞ்சதா நான் சொல்லல, ஆனா ஒருத்தர்கூட ஃபோன எடுத்து பக்கத்து ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேக்கல. அந்த நேரம் முழுக்க எங்க வாலண்டியர்ஸ் ஊர் ஊரா போய் சிவப்பு விழுந்த குழந்தைங்க பேர எழுதிட்டு வர்றாங்க, லிஸ்ட் நீண்டுட்டே போகுது, அவங்க கைல குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

இந்த குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்கிட்டா கவுன்ட்டர்ல பேசறதுக்கு உதவும். கோடெக்ஸ்னு சொல்ற சர்வதேச உணவு தர அமைப்பு 2022ல ஆர்.யூ.டி.எஃப்க்கு வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு, அதுல இது விசேஷ மருத்துவத் தேவைக்கான உணவு. 2023ல உலக சுகாதார நிறுவனம் இதயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துச்சு. ரெண்டும் சரிதான், ஒண்ணு தரத்துக்காக, இன்னொண்ணு அரசாங்கங்க இத கையிருப்புல வச்சுக்கணும்னு. ஆனா ஒரு கிளார்க் கைல இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணு மட்டும் கிடைச்சா உங்க பெட்டி நகராது. கடைசில ஒரு பிரிவுல இருந்த வயசான அதிகாரி ஒருத்தர்தான் வழி சொன்னாரு: சுகாதாரத் துறைலேர்ந்து ஒரே ஒரு லெட்டர் வாங்குங்க, அதுல பொருளோட பேர், கஸ்டம்ஸ் கோட், பெட்டி எண்ணிக்கை, பேட்ச் நம்பர் எல்லாம் இன்வாய்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம இருக்கட்டும், கூட பயன்பாடு என்னன்னு ஒரு வரி, போதும்னாரு. அந்த லெட்டர் வந்தப்புறம் அதே கவுன்ட்டர்ல அதே ஆள் ஒரு கேள்வி கேக்காம சீல் போட்டாரு.

அதுக்கப்புறமும் ஒரு முட்டுக்கட்டை. ஆய்வக சர்ட்டிஃபிகேட்ல ஒரு பேட்ச் நம்பர்ல ஒரு பூஜ்யம் விட்டுப் போயிருந்துச்சு, பேக்கிங் லிஸ்ட்ல சரியா இருக்கு. அந்த ஒரு பூஜ்யத்துக்காக தயாரிப்பாளர்கிட்ட திருத்தி வாங்கற வரைக்கும் கண்டெய்னர் வெயில்லயே நின்னுச்சு, டெமரேஜ் (துறைமுகத்துல தேங்கி நிக்கறதுக்கான கட்டணம்) வேற ஏறிட்டே போச்சு. அதனால கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லா பேப்பரோட டிராஃப்ட்டையும் மெயில்ல வாங்கி, ரெண்டு பேர் உக்காந்து ஒருத்தர் சத்தமா படிக்க இன்னொருத்தர் சரிபாருங்க. ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் (சரக்க எடுக்கறதுக்கான கப்பல் கம்பெனி ரசீது) கூரியர்ல வரட்டும்னு இருந்துடாதீங்க, பல சமயம் கப்பல் முதல்ல வந்துரும், ஒரிஜினல் தாள் இல்லாமலே சரக்க விடச் சொல்ற டெலெக்ஸ் ரிலீஸ் கேட்டு வாங்கிக்கங்க.

இந்த அலைச்சல்ல என்னை ரொம்ப கொதிக்க வச்சது ஒரு கேள்விதான். அவசர கிளியரன்ஸ் கேட்டப்ப ஒரு அதிகாரி, "பஞ்சம்னு அறிவிப்பு வந்துருச்சா?"ன்னாரு. பஞ்சம்னு அறிவிக்கணும்னா அஞ்சுல ஒரு குடும்பமாவது சாப்பாட்டுக்கு வழியே இல்லாம இருக்கணும், குழந்தைங்கள்ல 30 சதவீதத்துக்கு மேல மிதமான, கடுமையான ரெண்டு நிலையும் சேத்து ஊட்டச்சத்துக் குறைவால மெலிஞ்சு இருக்கணும், ஒரு நாளைக்கு 10,000 பேர்ல 2 பேருக்கு மேல சாகணும். அந்த அளவ தொட்டப்புறம் பெட்டிய திறந்து யாருக்குக் குடுக்கறது? சோமாலியாவுல 2010லயே எச்சரிக்கை வந்துச்சு, தெற்குப் பகுதில பஞ்சம்னு ஐ.நா. அறிவிச்சது 2011 ஜூலை 20. 2010 அக்டோபர்லேர்ந்து 2012 ஏப்ரல் வரைக்கும் செத்தவங்க கிட்டத்தட்ட 2,58,000 பேர்னு பின்னாடி கணக்கு வந்துச்சு, அதுல பாதிக்கு மேல அஞ்சு வயசுக்கு கீழ. நிறைய சாவு அறிவிப்புக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுது. இத நான் அந்த ரூம்லயே சொன்னேன். உடனே எதுவும் மாறிடல, ஆனா ஃபைல் மேல "உடனடி"ன்னு எழுதி மேல அனுப்பினாரு. உங்களுக்கும் இந்த கேள்வி வரும், பதில ரெடியா வச்சுக்கங்க.

அடுத்தது ஊர் பட்டியல். எந்த அமைப்பு எங்க என்ன செய்யுதுன்னு ஒரு எக்செல் ஷீட் ஒருங்கிணைப்புக் கூட்டத்துல சுத்தும், எல்லாரும் அதப் பாத்துதான் "இது கவர் ஆயிருச்சு, அது ஆகல"ன்னு முடிவு பண்றாங்க. எங்க ஷீட்ல ஒரே ஊர் மூணு விதமான ஸ்பெல்லிங்ல மூணு வரிசைல இருந்துச்சு, மூணு அமைப்பு அங்க வேலை செய்யுது. மேப்ல பாத்தா அந்தப் பக்கம் முழுக்க பச்சை, அதாவது கவர் ஆயிருச்சுன்னு. ஆனா அதுக்கு அந்தாண்ட கிணறு வத்திப் போன ஒரு குடியிருப்பு, அது யாரோட ஷீட்லயும் கிடையாது, ஏன்னா அது வருவாய் கணக்குல தனி ஊரே இல்லயாம், பெரிய ஊரோட சேர்த்திருக்காங்க. தண்ணி லாரி ஓட்டற தம்பி ஒருத்தர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. போய் பாத்தா சின்னப் பிள்ளைங்கள்ல பல பேருக்கு டேப் சிவப்பு காட்டுது. அன்னிலேர்ந்து நான் பேர நம்பறதில்ல, ஊருக்கான கோட் நம்பரும் ஜி.பி.எஸ் புள்ளியும் இல்லாத வரிசைய ஷீட்ல ஏத்தவே விடறதில்ல. லாரி டிரைவர், தடுப்பூசி போடற நர்ஸ், ஆடு மாடு மேய்க்கறவங்க, இவங்ககிட்ட கேளுங்க, மேப்ல இல்லாத ஊர் அவங்களுக்குத் தெரியும்.

டேப் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இடது கைல தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவுல அளந்து குறி வச்சு, கை தொங்கலா இருக்கும்போது சுத்தணும், தோல அமுக்கக் கூடாது, தொளதொளன்னும் இருக்கக் கூடாது. 115 மில்லிமீட்டருக்கு கீழன்னா சிவப்பு, 115லேர்ந்து 125க்குள்ள மஞ்சள். அவசரத்துல இழுத்துக் கட்டினா மஞ்சள் குழந்தை சிவப்பாயிரும், தளர்த்தி விட்டா சிவப்பு குழந்தை வீட்டுக்குப் போயிரும். இதெல்லாம் ட்ரெயினிங்ல சொல்லிடறாங்க. ஆனா கால பாக்க மறந்துடறாங்க! ஒரு குழந்தை, கன்னம் உப்பி, டேப்ல பச்சை, வரிசைலேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்க. எங்க டீம்ல இருக்கற ஒரு அக்கா மட்டும் அந்த அம்மாவ கூப்பிட்டு, பிள்ளைய மடில வச்சுக்கச் சொல்லி, ரெண்டு பாதத்து மேலயும் கட்டை விரலால மூணு செகண்ட் அமுக்கி எடுத்தாங்க. ரெண்டு பாதத்துலயும் குழி அப்படியே நின்னுச்சு. நீர் கோத்திருக்கு, அதான் உப்பின கன்னம். அந்த ஒரு குறி போதும், டேப் என்ன கலர் காட்டினாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவுதான். அந்தப் பிள்ளை இப்ப நல்லா இருக்கு, அந்த அக்காவ நினைச்சா இப்பவும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. ஆளுக்கு ஒரு டேப் குடுத்து அம்மாக்களயே வீட்ல அளக்கச் சொல்லுங்க, அவங்க நம்மள விட சீக்கிரம் கண்டுபிடிக்கறாங்க, ஆனா கால அமுக்கிப் பாக்கறதயும் சேத்துச் சொல்லிக் குடுங்க.

கணக்கு எளிசுதான். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி, பெட்டிக்கு 150 பாக்கெட். ஒரு குழந்தை தேறி வர்றதுக்கு ஏறக்குறைய ஒரு பெட்டின்னு வச்சு ஆர்டர் போடலாம். தண்ணி கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், அதுக்காகத்தான் 1990கள்ல இத கண்டுபிடிச்சாங்க, முன்னாடி இருந்த சிகிச்சைப் பால நல்ல தண்ணி இல்லாத ஊர்ல வீட்ல வச்சுக் குடுக்க முடியாது. ஆனா பாக்கெட்ல தண்ணி வேண்டாம்னா குழந்தைக்கும் தண்ணி வேண்டாம்னு சில பேர் நினைச்சுக்கறாங்க, அது பெரிய தப்பு. இத சாப்பிடற குழந்தைக்கு நல்லா தாகம் எடுக்கும், பக்கத்துலயே சுத்தமான குடிதண்ணி இருக்கணும். எங்க விநியோக நாளும் தண்ணி லாரி வர்ற நாளும் வேற வேறயா இருந்துச்சு, பசி சோதனைக்கு (பிள்ளை பாக்கெட்ட சாப்பிடுதான்னு பாக்கறது) பாக்கெட்ட பிசைஞ்சு ஓரத்த கிழிச்சு பிள்ளை வாய்ல வச்சா, குடிக்க குடுக்க தண்ணி இல்லாம அம்மாக்கள் தவிச்சாங்க. தண்ணி பாக்கற அமைப்போட பேசி ரெண்டு நாளையும் ஒண்ணாக்கினோம், செலவே இல்லாம தீர்ந்த ஒரே பிரச்சனை அதுதான்.

தீராத பிரச்சனை ஒண்ணு சொல்றேன். சிவப்பு குழந்தைக்கு ஒரு திட்டம், ஒரு பொருள். மஞ்சள் குழந்தைக்கு வேற திட்டம், வேற பொருள், வேற சப்ளை லைன், வேற விநியோக இடம். ஒரு வீட்ல மூத்தது மஞ்சள், இளையது சிவப்புன்னா அந்த அம்மா வாரத்துல வேற வேற நாள் வேற வேற திசைல நடக்கணும். சிவப்புலேர்ந்து தேறி மஞ்சளுக்கு வந்த குழந்தைய "அங்க போங்க"ன்னு சீட்டு எழுதிக் குடுப்போம், அங்க போனா ஸ்டாக் இல்லன்னு சொல்லி அனுப்பிருவாங்க, கொஞ்ச நாள்ல அதே குழந்தை திரும்ப சிவப்பா எங்ககிட்டயே வரும். இத பாக்கறப்ப வயிறு எரியும். ரெண்டு நிலைக்கும் ஒரே பொருள், ஒரே இடம், டேப் அளவுக்கு ஏத்த மாதிரி எண்ணிக்கைய மட்டும் மாத்திக் குடுக்கற எளிமையான முறைய பல நாடுகள்ல சோதிச்சுப் பாத்து நல்ல பலனும் வந்திருக்கு. எங்களுக்கு அதுக்கு அனுமதி கிடைக்கல. குறைஞ்சபட்சம் ரெண்டு விநியோகமும் ஒரே மரத்தடில ஒரே நாள்ல நடக்கட்டும்னு போராடி அத மட்டும் வாங்கினோம். உங்க பகுதில ஒரு பொருள்ல ஏதாவது ஒண்ணு தீரப் போகுதுன்னா எளிமையான முறைக்கு அனுமதி கேட்டு அப்பவே எழுதிப் போட்ருங்க, தீர்ந்தப்புறம் கேட்டா நேரம் ஆயிரும்.

அப்புறம், குழந்தை எடை ஏறலன்னா உடனே அம்மாவ திட்டாதீங்க. வீட்ல வேற சாப்பாடு இல்லன்னா அந்த பாக்கெட்ட எல்லாப் பிள்ளைக்கும் பிரிச்சுத்தான் குடுப்பாங்க, எந்தத் தாயும் அப்படித்தான் செய்வா. குடும்ப ரேஷன் தாமதமான வாரங்கள்ல எங்க ரெஜிஸ்டர்ல எடை அப்படியே படுத்துருச்சு, ரேஷன் வந்ததும் ஏறுச்சு. அந்த ரெஜிஸ்டர் பக்கத்த ஃபோட்டோ எடுத்து ரேஷன் பாக்கறவங்களுக்கு அனுப்பினேன், நான் கூட்டத்துல பேசின எல்லாத்தையும் விட அந்தப் பக்கம்தான் வேலை செஞ்சுது.

பசி சோதனைல சாப்பிடாத குழந்தை, காய்ச்சல் வாந்தின்னு இருக்கற குழந்தை, இவங்கள உள்நோயாளியா சேர்க்கணும். அனுப்பறதுக்கு முன்னாடி அங்க ஃபோன் போட்டு எஃப் 75ங்கற சிகிச்சைப் பால் இருக்கான்னு கேளுங்க, எஃப் 100 இருக்கான்னு கேக்கறது பத்தாது. முதல் கட்டத்துக்கு 75தான் வேணும், 100ல புரதமும் சத்தும் அதிகம், மோசமான நிலைல இருக்கற உடம்பு அத தாங்காது. ஒரு ஆஸ்பத்திரில "பால் இருக்கு"ன்னு சொன்னத நம்பி ஒரு அம்மாவ பிள்ளையோட அனுப்பி, அங்க இருந்தது 100 மட்டும்னு தெரிஞ்சு, ராத்திரியோட ராத்திரியா வேற இடத்துக்கு வண்டி புடிச்சோம். வண்டி செலவும், அம்மாவுக்கு அங்க சாப்பாடும், வீட்ல இருக்கற மத்த பிள்ளைங்கள யார் பாத்துப்பாங்கன்னும் முடிவு பண்ணாம ரெஃபரல் சீட்டு மட்டும் குடுத்தா பாதிப் பேர் போகவே மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு, மழை. மழை வந்துட்டா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு மேல இருக்கறவங்க நினைப்பாங்க. வறண்டு கிடந்த மண்ல மழை விழுந்ததும் ரோடு துண்டாகும், வயித்துப்போக்கு வரும், குடும்பங்க விதைக்கறதுக்கு ஊர் திரும்பும், சிகிச்சை பாதில நின்னுரும். மழைக் காலத்துக்கு முன்னாடியே உள் ஊர்கள்ல பெட்டிய கொண்டு போய் வச்சிருங்க, எலி வராத, தரைலேர்ந்து தூக்கி அடுக்கற இடமா பாருங்க. கிளம்பற குடும்பத்துக்கு ரெண்டு வார பாக்கெட்டும், டேப் அளவும் எடையும் தேதியும் எழுதின ட்ரான்ஸ்ஃபர் சீட்டும் கைல குடுத்து, அவங்க போற ஊர்ல எந்த சென்டர், என்னிக்கு விநியோகம்னு பின்னாடி எழுதிக் குடுங்க. எங்க சீட்டோட வந்த குழந்தைங்கள அடுத்த ஏரியா டீம் புதுசா பதிவு பண்ணாம விட்ட இடத்துலேர்ந்தே தொடர்ந்து பாத்தாங்க. அந்த சீட்டோட மாதிரிய எல்லா அமைப்பும் ஒத்துக்கற ஒரே ஃபார்மேட்ல வேலை ஆரம்பிக்கறப்பவே அச்சடிச்சு வச்சிருங்க.