ஒரே பாலம்

கொழும்பில் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டால், எல்லோரும் விகாரமகாதேவிப் பூங்காவைச் சொல்வார்கள். நல்ல இடம்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை அங்கே ஓடத் தொடங்கினால் தாய்க்கு உட்கார நேரமே கிடைக்காது. எனக்குப் பிடித்தது பேரை வாவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தீவுப் பூங்கா. போவதும் வருவதும் ஒரே பாலத்தால்தான். பாலம் தெரியும்படி ஓர் இடம் பிடித்துவிட்டால் காவல் வேலை முடிந்தது.

போன போயா (பௌர்ணமி) விடுமுறையன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அப்பாவும் சேர்ந்துகொண்டார். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடந்தோம். வழி முழுக்க முறைப்பாடு: வெயில், நெரிசல், எங்கள் தொடர்மாடியில் காற்றில்லை. பாலத்தில் கால் வைத்ததும், "இது என்ன பிள்ளை, தண்ணீரா, பச்சை மையா?" என்றார். பாசி. வாடையும் உண்டு, மறைப்பதற்கில்லை.

மகள் ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் 'தவ டிக்கக்' மட்டும். இன்னும் கொஞ்சம் என்று பொருள். பின்னால் நின்று ஆட்டிய சிங்களச் சிறுமிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் சங்கடம். வெயில் தாழ்ந்த பிறகும் குடைகள் விரிந்தபடி இருந்தன. ஒவ்வொரு குடைக்குள்ளும் இரண்டு தலைகள். கொழும்புக் காதலுக்குக் குடைதான் கூரை. அப்பா முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் கூழைக்கடாக்கள் அவர் கண்ணில் பட்டன. ஓய்வுபெற்ற கணக்கு எழுதுநர் அல்லவா, எண்ணத் தொடங்கிவிட்டார்.

அக்கரையோரம் நீருக்கு மேல் தெரிந்த சீமமாலகத்தைக் காட்டினேன். 1970களில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. பௌத்தர்களின் அந்தத் தியான மண்டபத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு முஸ்லிம் குடும்பம், தங்கள் மகனின் நினைவாக. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலத்தில் எவ்வளவு முடிந்திருக்கும்?" என்றார். நீருக்கு மேல் கட்டுவதென்றால் அடித்தளத்துக்கே பெரும் தொகை போயிருக்குமாம். அந்தக் கணக்கு, அவித்த கடலைச் சுருள் காலியாகும்வரை நீண்டது.

ஆறு மணிக்கு எழுந்தேன். மகள் "தவ டிக்கக்" என்று ஊஞ்சல் சங்கிலியை விடவில்லை. உதவிக்கு அப்பாவைப் பார்த்தேன். அவரும் எழும்பவில்லை. இரண்டு கூழைக்கடாக்கள் இன்னும் கணக்கில் குறைகின்றனவாம்.