கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் பிடித்து நேரத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆளாக, வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் முதலில் டெலிவரி தேதி கேட்பார்கள். அந்த வியாதியோடுதான் நான் சென்னையில் ஒரு கைத்தறி உடை நிறுவனத்தில் சேர்ந்தேன். எனக்கு ஒதுக்கிய ஊர் பெடனா. ஆந்திராவில், மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காளஹஸ்தியில் துணிமேல் கலம் என்ற பேனா பிடித்து வரைவார்கள். இங்கே தேக்கில் செதுக்கிய அச்சுக்கட்டையால் குத்துவார்கள். இரண்டுக்கும் பெயர் கலம்காரிதான்.

இந்தக் கரையின் துணிக்காகத்தான் டச்சுக்காரர்கள் 1605-லும் ஆங்கிலேயர்கள் 1611-லும் மசூலிப்பட்டினத்தில் கிடங்கு போட்டார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தக்கூடாது என்று இங்கிலாந்து 1721-ல் சட்டமே கொண்டுவந்தது; அவ்வளவு கிராக்கி. பிறகு ஆலைத் துணி வந்தது, தொழில் படுத்தது. 1952-ல் அகில இந்தியக் கைவினை வாரியம், அதன் தலைவராக இருந்த கமலாதேவி சட்டோபாத்யாய் என்று மறுபடி தலைதூக்கியது. மேடைகளில் புத்துயிர் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். என் மேஜைக்கு அது ஆர்டர், ஷேட் கார்டு என்ற நிற மாதிரி அட்டை, ரிஜெக்ஷன் என்ற உருவில்தான் வந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கிக் காயவைக்கிறார்கள். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த தண்ணீர். கட்டையைக் குத்தியதுமே கடுக்காயோடு சேர்ந்து கறுத்துவிடும். சிவப்புக்குப் படிகாரம். அதைக் குத்தும்போது சிவப்பே தெரியாது. எங்கே குத்தினோம் என்று அடையாளம் காணக் கொஞ்சம் நிறம் கலந்துகொள்வார்கள், அவ்வளவுதான். சில நாள் கிடப்பில் போட்டு, அலசி, பெரிய செம்பு அண்டாவில் சாயத்தோடு கொதிக்கவிட்டுக் கழியால் புரட்டும்போது, படிகாரம் பட்ட பூவெல்லாம் சிவந்துகொண்டே வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

அந்தக் காலத்தில் இந்தச் சிவப்பு, கடலோர மணலில் தோண்டி எடுத்த சாயவேரிலிருந்து வந்தது. இன்று பல அண்டாக்களில் விழுவது ஆலையில் செய்த அலிசரின் என்ற சாயப்பொருள். வேரில் இருக்கும் சரக்கும் அதுதான் என்பதால் எனக்கு அதோடு சண்டை இல்லை. லேபிளில் 'முழுக்க இயற்கைச் சாயம்' என்று போடச் சொல்லும் மார்க்கெட்டிங் ஆட்களோடுதான் சண்டை.

எல்லாவற்றையும் விட அலசல் முக்கியம். ஒட்டாமல் நிற்கும் இரும்பையும் படிகாரத்தையும் ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போக வேண்டும். தொட்டியில் அலசினால் கழன்றது திரும்பவும் துணியிலேயே ஒட்டி, வெள்ளைப் பகுதியெல்லாம் மங்கிப்போகும். கோடையில் கிருஷ்ணா கால்வாயை அடைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இருக்கும், காயவைக்க வெயில் இருக்காது. நான் எக்செல் ஷீட்டை நீட்டித் தேதி கேட்டால், பெரியவர் ஒருவர், "கால்வாயில தண்ணி வரட்டும், அப்புறம் சொல்றேன் மேடம்" என்பார். அவர் தெலுங்கும் என் அரைகுறைத் தெலுங்கும் இதில் மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டன.

ஆகவே தீபாவளிச் சரக்குக்கு ஜூலையில் கொடுத்துவந்த ஆர்டரை முந்தைய டிசம்பருக்குத் தள்ளினோம். சொல்வது சுலபம். அத்தனை மாதம் முன்பாகவே துணிக்கும் கூலிக்கும் முன்பணம் போக வேண்டும். அக்கவுண்ட்ஸ் பிரிவு என்னைக் கடன்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. இந்தத் துணியை விரும்புகிற வாடிக்கையாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம், கால்வாய்க்கு ஏற்றபடி பணம் புரட்டும் கடைகளுக்குத்தான்.

செக்கிங்கிலும் திருப்பூர் அளவுகோல் அப்படியே செல்லாது. கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை தள்ளியிருப்பது குறையல்ல. அலசல் போதாமல் கறை படிந்தால் அது குறைதான். கைவேலை என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டால் ஒழுங்காக அலசியவருக்கு என்ன மரியாதை? அண்டாவுக்கு அண்டா சிவப்பு மாறும். அதனால் ஒரு செட்டின் டாப்பும் துப்பட்டாவும் ஒரே அண்டாவில் வெந்ததாக இருக்க வேண்டும் என்று மட்டும் விதி வைத்திருக்கிறோம். டிசைனர்களையும் புதுக் கட்டை செதுக்கச் சொல்வதற்கு முன் பழைய கட்டைகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை என்பதால் ஒவ்வொரு புதுப் பூவும் செலவுதான், ஒரு சீசன் போனதும் அது பரணுக்குப் போய்விடும்.

போட்டி வெளியூரிலிருந்து வரவில்லை. அதே பெடனாவில் அதே பூவைக் கட்டையில்லாமல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போட்டு, பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறார்கள். வாங்கும்போது கட்டை சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். எங்கேயும் பிசிறே இல்லாமல் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். கடைக்காரர் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி.

கால்வாய்த் தண்ணீரைச் சொன்ன அந்தப் பெரியவரின் மகன் இப்போது ஸ்கிரீன் பட்டறையில்தான் இருக்கிறான். அங்கே வருஷம் முழுக்க வேலை. "எட்டு மாசத்துக்கு ஆர்டர்னு எழுதிக் குடுங்க, அவனைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். அவர் கேட்டதை அப்படியே எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதத்துக்கு மேல் உறுதி தர முடியாது என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி ஒரு மீட்டிங் கேட்டிருக்கிறேன்.