ஆல்ப்ஸ் நடுவே ஒரு வெந்நீர்க் குளியல்

சுவிட்சர்லாந்து வர்றவங்க, வெந்நீர் ஊற்றுகள் இருக்குற மலையூரான லாய்க்கர்பாடுக்குக் கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்க. காலையில வழிகாட்டியோட கேபிள் கார்ல கெம்மி கணவாய்க்கு ஏறினோம். 2,300 மீட்டருக்கும் மேல உயரம். எதிரே வரிசையா பனிச்சிகரங்கள், மேட்டர்ஹார்ன் உட்பட. அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

மதியம் வெந்நீர்க் குளம். மழைத் தண்ணியும் உருகின பனியும் பாறை இடுக்குல ஆழமா இறங்கி, பூமிக்குள்ள சூடேறி, ஊற்றா மேல வருது. 51 டிகிரி வரைக்கும் கொதிப்பு! ஆறவெச்சுத்தான் குளத்துல விடுறாங்க. கழுத்து வரைக்கும் வெந்நீர், முகத்துல குளிர்காத்து, தலைக்கு மேல செங்குத்தான பாறைச்சுவர். முழங்கால் வலிக்காரங்க அம்மா, "இன்னும் கொஞ்ச நேரம்டா"ன்னு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாங்க.

போறவங்க மலையை முதல்ல பார்த்துடுங்க. குளிச்சப்புறம் நடக்க மனசே வராது.