இடது பக்கம், வலது பக்கம்

"சித்தப்பா, இதைக் கேளுங்க."

தேவகோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் மகள் நோட்டை நீட்டினாள். கான்வென்ட்டில் ஒன்பதாவது. நாளைக்குப் பட்டிமன்றம்.

இடது பக்கம் அவள் அணி. வலது பக்கம் எதிரணி, அதுவும் முழு பலத்தோடு. ஒவ்வொரு வரிக்குக் கீழும் சிஸ்டரின் சிவப்பு மையில், "ஏன்?"

அசந்துபோனேன்.

இப்படி இரு பக்கமும் வாதாடிப் பழக்குவது பழைய ஐரோப்பியப் பாடமுறை. முதலில் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை. அதற்கு மேல்தான் கணிதம், வடிவியல், இசை, வானியல். இயேசு சபையார் 1599-ல் தங்கள் பள்ளிகளுக்கு வகுத்த திட்டத்திலும் இலக்கணத்துக்கும் பேச்சுக்கலைக்கும் தனித்தனி வகுப்புகள்.

அந்தச் சபையில் பயின்று இத்தாலியிலிருந்து வந்தவர்தான் நம் வீரமாமுனிவர். தமிழின் ஐந்திலக்கணத்தையும் தொன்னூல் விளக்கத்தில் அவர் எழுதியதற்கு அந்தப் பயிற்சி கைகொடுத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

வட்டிக்கணக்கை மனசிலேயே போட்ட ஊர் இது. கணக்கு நமக்குக் குறைச்சலில்லை. எதிராளியின் நியாயத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத்தான் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

"பத்தாவது வந்தா இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்கிறார் அண்ணன்.

ஒதுக்கிக் கொடுங்கண்ணே. டியூஷனில் ஒரு மணி நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.